ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டும் அரைப்போத்தல் குளிசையும்

கேள்வி:

டொக்டருக்கு வணக்கம். எனக்கு 26 வயது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் உள்ள ஓர் ஊர். சீசன் மாதங்களில் அறுகம் குடாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். செப்டெம்பர் 20 இரவு, அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு ஆண் ஒருவருடன் எனக்கு உறவு ஏற்பட்டது. நான் உள்வாங்கும் பக்கத்தில் இருந்தேன். ஆணுறை பாவித்தோம். தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தோம். நடுவில் ஆணுறை கிழிந்துவிட்டது. ஐந்தாம் நாள் அக்கரைப்பற்றில் ஒரு தனியார் லேப்பில் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்தேன், இல்லை என்று வந்தது. பயத்தை அவரிடம் சொன்னபோது, "நான் பிரெப் குளிசை எடுக்கிறேன், உனக்கு ஒன்றும் வராது" என்றார். ஊருக்குப் போகும்போது பாதிப் போத்தல் குளிசையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்று ஒக்டோபர் 1. நேற்றிலிருந்து தொண்டை நோகிறது. அந்தக் குளிசையை இப்போதே தொடங்கலாமா? லேப் ரிப்போர்ட்டை நம்பலாமா? கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மச்சான் அங்கேதான் வேலை. தை மாதம் எனக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டில் சீதன வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள். நித்திரை இல்லை டொக்டர்.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் போத்தலை மூடி எடுத்து வையுங்கள். ஒரு குளிசையும் குடிக்க வேண்டாம். கிளினிக்கிற்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

அவர் தந்தது பெரும்பாலும் டெனோபோவிர், எம்ட்ரிசிடபைன் என்ற இரண்டு மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த குளிசையாகத்தான் இருக்கும். பிரெப் என்று சொல்வது அதைத்தான். கிருமி உடம்பில் இல்லாதவர் அது வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து அது. உங்கள் நிலை வேறு. கிருமி உள்ளே வந்ததா இல்லையா என்று இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அடக்க இரண்டு மருந்து போதாது. அரைகுறையாக அடிபட்ட கிருமி அந்த இரண்டு மருந்துக்கும் தப்பிக்கும் வழியைப் பழகிவிடும். சிகிச்சை தொடங்கும்போதும் அடித்தளமாக நாங்கள் கொடுப்பது இதே வகை மருந்துகளைத்தான். முதல் நாளிலேயே அதைப் பழுதாக்கிவிட்டால் பிறகு மாற்று மருந்து தேடி அலைய வேண்டும். இன்னொரு பிரச்சினையும் உண்டு. இடையில் இந்த மருந்தை எடுத்தால் இரத்தப் பரிசோதனையில் கிருமியின் அடையாளம் தெரிய வழக்கத்தை விட அதிக நாளாகலாம். அதனால்தான் பிரெப் தொடங்குமுன் இரத்தம் பார்த்தே தீரவேண்டும் என்கிறோம். அந்த மனிதர் உங்கள் மேல் அக்கறையோடுதான் கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் ஒருவருக்கு எழுதிய மருந்து மற்றவருக்கு ஆகாது என்ற பழைய விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

நடந்த பிறகு எடுக்கும் மருந்து ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் பெப். பிரெப், பெப் என்று இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுவதால் படித்தவர்களும் குழம்புகிறார்கள். பெப் என்பது மூன்று மருந்துகள், 28 நாட்கள், ஒரு நாளும் தவறாமல். அதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் நாளே தொடங்கினால் மிக நல்லது. இந்தக் கணக்கை யாரும் சும்மா வைக்கவில்லை. கிருமி மென்தோலில் பட்டதும் நேரே இரத்தத்துக்குள் பாய்வதில்லை. முதலில் பட்ட இடத்திலுள்ள சில உயிரணுக்களைப் பிடிக்கும். அங்கிருந்து நெறிக்கட்டிகளுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதன்பிறகுதான் உடம்பெங்கும் பரவும். பெப் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் போய் வழியை மறிக்கிறது. உங்களுக்கு அந்த அவகாசம் செப்டெம்பர் 23 இரவோடு முடிந்துவிட்டது. இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இதை வாசிக்கும் இன்னொரு தம்பியோ தங்கச்சியோ இன்றைக்கு இரண்டாம் நாளில் நிற்கலாம். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. நேரே பாலியல் நோய் கிளினிக்கிற்குப் போகவேண்டும். இரவு என்றால், விடுமுறை நாள் என்றால், பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல்லவேண்டும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கும் இதே 72 மணித்தியாலம்தான். எங்கள் பக்கத்தில் பொலிசு, முறைப்பாடு, ஊர்ப்பேச்சு என்று அலைந்து முடியுமுன் அந்த நேரம் போய்விடுகிறது. மருந்து முதலில், மற்றவை பிறகு.

இனி அந்த ஐந்தாம் நாள் ரிப்போர்ட். லேப்பில் பிழை இல்லை, அவர்கள் அன்று கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனால் விதைத்த ஐந்தாம் நாள் வரம்பில் நின்று "பயிரைக் காணோம்" என்று சொல்வதுபோல அது. எச்.ஐ.வி. பரிசோதனை பெரும்பாலும் கிருமியை நேரே தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. அது உண்டாக வாரக்கணக்கில் ஆகும். இப்போது ஆய்வுகூடங்களில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை அதோடு சேர்த்து, பி24 என்ற கிருமியின் புரதத்தையும் பார்க்கும். அதனால் கொஞ்சம் முந்தியே தெரியும். அப்படியும் 45 நாள் கழிந்த பிறகு வரும் "இல்லை"யைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கிறோம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பரிசோதனை, வாய்நீரில் வீட்டிலேயே பார்க்கும் சுயபரிசோதனை என்றால் 90 நாள் வேண்டும். ஆகவே உங்கள் ரிப்போர்ட் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: செப்டெம்பர் 20க்குச் சில மாதங்களுக்கு முன்வரை உங்களுக்குத் தொற்று இருக்கவில்லை. அதுவும் நல்ல செய்திதான். ஆனால் அந்த இரவைப் பற்றி அது இன்னும் வாய் திறக்கவில்லை.

உங்கள் நாட்களை நானே எண்ணித் தருகிறேன். 45ஆம் நாள் நவம்பர் 4. 90ஆம் நாள் டிசம்பர் 19.

இடையில் ஒரு விஷயம். கோயில் திருவிழாக்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் இரத்ததான முகாம் வைக்கும்போது, "அங்கே கொடுத்தால் சும்மா டெஸ்ட் பண்ணிவிடுவார்கள்" என்று போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எடுக்கும் இரத்தத்தை எல்லாம் பரிசோதிக்கிறார்கள்தான். ஆனால் இந்த இடைப்பட்ட நாட்களில் கிருமி இருந்தும் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அந்த இரத்தம் ஒரு பிரசவத் தாய்க்கோ, தலசீமியாப் பிள்ளைக்கோ ஏறும்.

இனி, உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்? உங்களுடன் இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையும் எடுக்காமல் இருந்திருந்தால், ஆணுறை இல்லாத ஆசனவழி உறவில் உள்வாங்குபவருக்கு ஒருமுறையில் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு 138 அளவில் இருக்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணிப்பு. உறவுமுறைகளில் இதுதான் ஆபத்துக் கூடியது. அப்படியிருந்தும் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே. அவர் பிரெப்பை ஒழுங்காக எடுப்பவர் என்றால் அவருக்கே தொற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே உங்கள் வாய்ப்பு இன்னும் குறையும். ஆனால் அவர் "உனக்கு ஒன்றும் வராது" என்று சொன்னது சரியல்ல. அவர் விழுங்கும் குளிசை அவர் உடம்பைக் காக்கிறது, உங்கள் உடம்பை அல்ல. அவர் கடைசியாக எப்போது பரிசோதித்தார், கடலாடும் மும்முரத்தில் எத்தனை நாள் குளிசையை மறந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. போத்தலில் பாதி மிச்சம் இருந்தது என்கிறீர்கள். அது எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. ஆணுறை கிழிந்தது தற்செயல் இல்லை தம்பி. சாதாரண ஆணுறை லேடெக்ஸ் றப்பரால் ஆனது. எண்ணெய், வாசலின், கிறீம் எது பட்டாலும் அந்த றப்பர் சில நிமிடத்தில் இளகிப் பலம் இழந்துவிடும். நீரில் கரையும் வழவழப்புக் களிம்புதான் பாவிக்க வேண்டும், அது பாமசியில் கிடைக்கும். ஆணுறையை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழேயும் பேர்ஸிலும் வெயில் காய வைத்துக்கொண்டு திரிவதும் இதே பிழைதான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பிரசங்கம் செய்கிறோம், இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தொண்டை நோவு. எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை நோவு, உடம்பில் சிவந்த தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு என்று வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. இதே அறிகுறிகள் சாதாரணத் தடிமலுக்கும் வரும், டெங்குக்கும் வரும். நித்திரை இல்லாமல் 11 நாள் அலைந்த உடம்புக்குத் தொண்டை நோகாமல் இருந்தால்தான் அதிசயம். அறிகுறியை வைத்து "இருக்கிறது" என்றும் முடிவு செய்யாதீர்கள், "இல்லை" என்றும் முடிவு செய்யாதீர்கள். போனில் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

அப்படியென்றால் நவம்பர் 4 வரை சும்மா இருப்பதா? இல்லை. இந்தக் கிழமையே கிளினிக்கிற்குப் போங்கள். எச்.ஐ.வி. மட்டும்தான் உங்கள் மனதில் நிற்கிறது. அந்த இரவில் வரக்கூடியது அது ஒன்று மட்டும் இல்லை. சிபிலிஸ் இருக்கிறது, கொனோரியா இருக்கிறது. இரண்டையும் ஊசியாலும் மருந்தாலும் முற்றாகக் குணப்படுத்தலாம். கொனோரியா தொண்டையிலும் ஆசனவாயிலும் சத்தமில்லாமல் இருக்கும். அங்கிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். இன்னொன்று, ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி. இலங்கையில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2003இல். உங்கள் வயதைப் பார்த்தால் நீங்கள் அதற்கு முன் பிறந்தவர். தனியாகப் போட்டிருந்தாலொழிய உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. நடந்து இரண்டு கிழமைக்குள் அந்த ஊசியைத் தொடங்கினால் பலன் உண்டு. இன்றோடு 11 நாள். ஒக்டோபர் 4க்குள் போய்விட்டால் இந்த ஒன்றிலாவது நேரம் தவறாது.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சின்ன விஷயமாக நான் எடுக்கவில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், பரிசோதனை முடிவு எடுக்க வந்த ஓர் ஆளின் பெயரையும் அவர் எதற்கு வந்தார் என்பதையும் வராந்தாவில் பத்துப் பேர் கேட்க ஓர் ஊழியர் சத்தம்போட்டுக் கூப்பிட்டார். அந்த ஆள் எழும்பி வாசலைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறுபடி சிகிச்சைக்கு வந்தபோது இரண்டு வருடம் போயிருந்தது, உடம்பு கரைந்திருந்தது. அன்று நான் ஊழியரைக் கண்டித்தேன், அது போதாது. அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதனால் "ஒருவரும் பார்க்க மாட்டார்கள், பயப்படாதே" என்று உங்களுக்கு லேசாக எழுத என் கை வராது.

ஆனால் பாலியல் நோய் கிளினிக் என்பது மற்ற வார்டுகளைப் போன்றதல்ல. அதற்கென்று தனி இடம், தனி அட்டை, தனிப் பதிவு. யாரும் துண்டு எழுதித் தரத் தேவையில்லை, காசும் இல்லை. தேசிய பாலியல்நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுக்க இந்தக் கிளினிக்குகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே வழிகாட்டலில் இயங்குபவை. உங்கள் ஊர் எது என்பதற்காக நீங்கள் கல்முனைக்குத்தான் போகவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அம்பாறையில் இருக்கிறது, மட்டக்களப்பில் இருக்கிறது. உங்கள் வாசலால் போகும் அந்த ஏ4 வீதியில் வடக்கே ஏறினால் அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு. தெற்கே பொத்துவிலுக்குப் போய் அங்கிருந்து மேற்கே திரும்பினால் சியம்பலாண்டுவ தாண்டி மொனராகலை. மச்சான் மொனராகலையில் வேலை செய்யவில்லையே! அங்கே சிங்களம் தேவைப்படும், அறுகம் குடாவில் வேலை செய்கிற உங்களுக்கு அது ஒரு தடையாக இராது என்று நினைக்கிறேன். போகுமுன் தொலைபேசியில் கிளினிக் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் வைத்தியர் சில கேள்வி கேட்பார். யாருடன், எந்த வழியாக, எத்தனை நாளுக்கு முன். நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். ஆணுடன் என்பதை மறைத்துப் பெண்ணுடன் என்று மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் மாதிரி எடுக்க வேண்டிய இடமே மாறிவிடும், நோய் இருக்கிற இடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நம் நாட்டில் ஆணும் ஆணும் உறவு வைப்பதைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன, அந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். கிளினிக் கோவை மருத்துவத்துக்கானது, பொலிசுக்குக் கொடுப்பதற்கானதல்ல. நோயாளி சொன்னதைக் காப்பது எங்கள் தொழிலின் முதல் கடமை. நீங்கள் ஆணை விரும்புகிறீர்களா, இருவரையுமா, இது ஒரே ஒரு இரவா என்றெல்லாம் எனக்கு நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை. அது நோயல்ல, அதற்கு மருந்தும் இல்லை. அதற்காக உங்களை யாராவது தரக்குறைவாக நடத்தினால் வேறு கிளினிக்கிற்குப் போங்கள், போகாமல் மட்டும் விடாதீர்கள்.

நம் பக்கத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை என்றாலே கெட்ட பெயர். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் மெடிக்கலோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. "மெடிக்கலில் பெயிலாகிவிட்டான்" என்றால் ஊரே காதோடு காதாகக் கதைக்கும். ஆனால் உங்கள் அக்காவுக்குப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் முதல் வரவிலேயே எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுத்திருப்பார்கள். எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிறார்கள். அப்படி எடுத்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஊரிலுள்ள தாய்மார் எல்லாரும் செய்த பரிசோதனையை நீங்கள் செய்வதில் என்ன குறை?

இனி அந்தக் குளிசை. இப்போது வேண்டாம் என்றேனே தவிர, எப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நவம்பர் பரிசோதனையில் "இல்லை" என்று வந்து, அடுத்த சீசனிலும் இப்படியான உறவுக்கு இடமிருக்கும் என்று நீங்கள் உங்களுக்குள் நேர்மையாக நினைத்தால், பிரெப் உங்களுக்குப் பொருத்தமான மருந்து. சொன்னபடி எடுத்தால் உறவுவழித் தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவுக்குத் தடுக்கும். அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது, 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்துக் கூடிய எல்லாருக்கும் பரிந்துரைத்தது. இலங்கையிலும் அரச பாலியல் நோய் கிளினிக்குகள் வழியாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று அதே தொலைபேசியில் கேளுங்கள்.

தொடங்குமுன் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, சிறுநீரகத்தின் நிலை மூன்றையும் பார்ப்பார்கள். டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வீட்டில் சிறுநீரக நோய், நீரிழிவு, பிரஷர் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஹெப்படைடிஸ் பி கிருமி இருக்கிறவர் இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் கொதித்தெழலாம், அதனால்தான் அந்தப் பரிசோதனை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டும், தலை இடிக்கும், பெரும்பாலோருக்கு அதுவாகவே போய்விடும்.

தினமும் ஒரு குளிசை என்பது ஒரு முறை. ஆண்களுக்கு இன்னொரு முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணித்தியாலத்துக்கு முன் இரண்டு குளிசை, அந்த முதல் வேளையிலிருந்து 24ஆம் மணியில் ஒன்று, 48ஆம் மணியில் ஒன்று. எப்போதாவது ஒருமுறை, அதுவும் முன்கூட்டித் தெரிந்தால் இது வசதி. ஆனால் இரண்டு குளிசையை முதலில் போட மறந்துவிட்டு மிச்சத்தைப் பின்னால் போட்டுச் சமாளிக்க முடியாது. கடற்கரை விருந்தில் பியர் ஏறிய இரவில் நேரம் பார்த்து மருந்து எடுப்பவர் நீங்கள் இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால், தினசரிக் குளிசையையே கேளுங்கள். இதை வாசிக்கும் பெண்களுக்கு: இந்த இரண்டு-ஒன்று-ஒன்று கணக்கு உங்களுக்கு இல்லை. உங்களுக்குத் தினமும்தான், பாதுகாப்பு வர 7 நாளாவது தொடர்ந்து எடுத்திருக்க வேண்டும்.

ஊசி இருக்கிறதாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெகிராவிர் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் லெனகாபாவிர் 2025 ஜூனில் பெற்றது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் நடந்த ஆய்வில் லெனகாபாவிர் போட்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது, ஏனென்றால் இந்த நோயில் நாங்கள் பார்த்த மரணங்கள் அப்படி. ஆனால் ஊசிக்குக் காத்திருந்து குளிசையை விட்டுவிடாதீர்கள். எந்த மருந்தும் சிபிலிஸையும் கொனோரியாவையும் தடுக்காது, ஆணுறை கூடவே வேண்டும்.

நவம்பரில் "இருக்கிறது" என்று வந்தால்? முதல் பரிசோதனையோடு யாருக்கும் அப்படிச் சொல்லிவிட மாட்டோம், மறு பரிசோதனைகளால் உறுதிப்படுத்திய பிறகே சொல்வோம். உறுதியானால் சிகிச்சை அன்றிலிருந்தே இலவசமாகத் தொடங்கும், பெரும்பாலும் நாளுக்கு ஒரு குளிசை. இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. 2019இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணைகளைப் பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை. துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. அப்படியான நிலையில் பிள்ளை பெறலாம், கிழவனாகி பேரப்பிள்ளை பார்க்கலாம். நீங்கள் இரவிரவாக நினைத்துப் பயப்படும் முடிவு அந்த நோயின் பழைய முடிவு.

கலியாணம். நீங்கள் இதைக் கடைசி வரியில் எழுதினாலும் நித்திரையைக் கெடுப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நாள் கணக்கில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, டிசம்பர் 19 தைக்கு முன்னால் வருகிறது. இனி அந்த நாள் வரை எவருடனும் ஆணுறை இல்லாத உறவு வைக்காமல் இருந்தால், தை பிறக்குமுன் உங்கள் கையில் உறுதியான பதில் இருக்கும். அந்தப் பதில் இல்லாமல் மாலை மாற்ற வேண்டாம். மழையால் வீட்டு வேலை சுணங்குவது நம் பக்கத்தில் புதிதில்லை, நாள் தள்ளிப்போட ஒரு காரணம் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு முதல் கர்ப்பத்திலேயே இரத்தம் எடுப்பார்கள் என்று மேலே சொன்னேன். அவளுக்கு அங்கே, பிள்ளை வயிற்றிலிருக்கும்போது, உங்களைப் பற்றிய உண்மை தெரியவரக் கூடாது. இலங்கையில் கலியாணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமில்லை, ஆனால் இருவரும் சேர்ந்து போய்ச் செய்யலாம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பெண் வீட்டாருக்கு அது மரியாதைக் குறைவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்காமலே சொல்வதால் கோபிக்க வேண்டாம். உங்கள் மனம் பெண் பக்கம் போவதே இல்லை என்றால், கூரை போடுவதற்காக மட்டும் அந்த வீட்டுக்குள் போகாதீர்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அவள் தாய்தகப்பன் அவளுக்கென்று கட்டிய வீட்டில், அவளோடு கதைக்க முடியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் இருப்பது இருவருக்கும் தண்டனை. இதை உடனே முடிவு செய்யச் சொல்லவில்லை. கிளினிக்கில் ஆலோசனை சொல்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் மனம் விட்டுக் கதைக்கலாம்.

நாளைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் கிளினிக்கிற்குத் தொலைபேசி எடுங்கள். ஒக்டோபர் 4க்குள் போங்கள், லேப் ரிப்போர்ட்டையும் அந்தப் போத்தலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோலைத் தவிர வேறு எதையும் பாமசியில் வாங்கிக் குடிக்காதீர்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் டெங்குக்கு இரத்தம் பாருங்கள். தொண்டை நோவோடு உடம்பில் தடிப்பும் நெறிக்கட்டும் சேர்ந்து வந்தால் நவம்பர் 4 வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கிளினிக்கிற்குப் போய், எத்தனையாம் நாள் என்று சொல்லிக் காட்டுங்கள்.